வெளியூர் வட்டுக்கு யார் பொறுப்பு?

யூனிக்ஸின் கதை – பகுதி 14

சென்ற பகுதியில் செட்யுஐடி என்ற சிறு குறியின் பிறப்பைப் பார்த்தோம். டெனிஸ் ரிச்சி அதற்கு 1973இல் காப்புரிமை கேட்டு 1979இல் பெற்றார் என்பதோடு நிறுத்தியிருந்தோம். ஒரு நிரலை யார் ஓட்டினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் என்பதே அந்தக் குறியின் பொருள். வாசகர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பகுதியில் வரும் சிக்கலில் பாதி அதனால் வந்தது.

கேள்வி பார்வைக்கு மிகச் சிறியது. ஒரு பென்ட்ரைவைக் கொண்டுவந்து கணினியில் குத்துகிறோம். அதிலுள்ள கோப்புகள் திரையில் தெரிய வேண்டும். அப்படித் தெரியவைக்கும் அதிகாரம் யாருடையது? கணினியின் பொறுப்பாளருக்கு மட்டுமா, முன்னால் உட்கார்ந்திருக்கும் எவருக்குமா? டொஸ் காலத்துத் தனியாள் கணினிகளில் இப்படி யாரும் கேட்கவில்லை. ஒரு கணினிக்கு ஒருவர் என்று பிறந்தவை அவை, உட்கார்ந்தவரே உரிமையாளர். யூனிக்ஸ் ஒரு பெட்டியைப் பலர் பங்கிட்டு வேலை செய்யப் பிறந்தது. அதனால் இந்தச் சின்னக் கேள்விக்கு ஓரளவு நல்ல விடை கிடைக்கவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

ஒரு முழுப் பகுதியை இதற்கு ஒதுக்க எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் ஈச்சிலம்பற்று, கிழக்கிலங்கையில் கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகலாற்றுக்கு வடக்கே கிடக்கும் நிலம். எங்கள் பக்கத்தில் கோப்புகள் கம்பி வழியே வந்ததைவிடக் கைவழியே வந்ததுதான் அதிகம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டையோடு சனம் வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புப் பக்கமும் பெயர்ந்து, 2007இலிருந்துதான் திரும்பத் தொடங்கியது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கையெட்டும் இடத்தில் வைத்திருப்பது இங்குள்ள வீடுகளின் பழக்கம். இன்று அந்தப் பையிலிருந்தவற்றின் பிரதிகள் பென்னுக்குள்ளும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் கணினியோ ஒன்று, அதில் வேலை செய்பவர்கள் பலர். யூனிக்ஸை எழுதியவர்கள் முன்னால் இருந்த அதே நிலைமை.

இனி அவர்களுடைய அறைக்குப் போவோம்.

ரிச்சியும் கென் தொம்சனும் 1974 ஜூலையில் ஓர் ஆய்விதழில் யூனிக்ஸை உலகுக்கு விவரித்தார்கள். அந்தக் கட்டுரையில் வரும் கணினி பிடிபி-11/45. நினைவகம் 144 கிலோபைட். நிலையாகப் பொருத்திய வட்டு ஒன்று, 1 மெகாபைட். அதன் பக்கத்தில் நான்கு வட்டு இயக்கிகள்; ஒவ்வொன்றிலும் 2.5 மெகாபைட் கொள்ளும் வட்டுப் பெட்டி ஒன்றைச் செருகலாம், கழற்றலாம். இவற்றைவிடப் பெரியதாக 40 மெகாபைட் வட்டு அடுக்கு ஒன்று. அதையும் கழற்றி மாற்றலாம். கழற்றக்கூடிய சேமிப்பு பிற்காலத்தில் வந்து யூனிக்ஸைத் தொந்தரவு செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கத்திலேயே அந்த அறையில் இருந்த வட்டுகளில் பெரும்பாலானவை கழற்றக்கூடியவைதான்.

அவற்றைக் கையாள அவர்கள் கண்ட வழி மவுண்ட். டொஸ் பழகியவர்களுக்கு ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. ஏ என்றால் பிளொப்பி, சி என்றால் வன்தட்டு. யூனிக்ஸில் அந்தப் பிரிவினை கிடையாது. முழுக் கணினிக்கும் ஒரே மரம், ஒரே வேர். புதிய வட்டு வந்தால் மரத்தில் ஏற்கனவே உள்ள ஓர் இடத்தைச் சுட்டி, இந்த வட்டின் வேர் இனி இங்கே என்று முறைமையின் கருவான கேர்னலுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அந்த வட்டு எந்த இயக்கியில் இருக்கிறது என்று பயனருக்குத் தெரியத் தேவையில்லை. மற்றக் கோப்புகளோடு அதன் கோப்புகளும் ஒரே பாதையில் கிடக்கும். நான் யூனிக்ஸில் மிகவும் மதிக்கும் எண்ணங்களில் இது ஒன்று. ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் நமது கைபேசிக்குள் இருக்கும் ஆண்ட்ரொய்டின் அடித்தளம் இதே மரத்தில்தான் நிற்கிறது.

ஆனால் இந்த அழகுக்குள்ளேயே ஆபத்தும் இருந்தது. யூனிக்ஸ் வட்டில் ஒவ்வொரு கோப்போடும் அதன் உரிமையாளர் யார், யாருக்கு என்ன உரிமை என்ற விவரம் எழுதப்பட்டிருக்கும். உரிமையாளரின் பெயர் அல்ல, ஓர் எண். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட்டின் எண் பூச்சியம். அந்த எண்ணை எழுதியது யார்? வட்டு கடைசியாக எந்தக் கணினியில் இருந்ததோ அந்தக் கணினி. வேறொரு மாவட்டத்தில் ஒருவர் தானே எழுதித் தானே முத்திரை குத்திக்கொண்டு வந்த காணி உறுதியை, நமது காணிக் கந்தோர் கேள்வியின்றிப் பதிவேட்டில் ஒட்டிக்கொள்வது போன்றது இது.

கிட்ட நின்று பார்த்தால் வழி எவ்வளவு குறுகியது என்று தெரியும். எனது வீட்டுக் கணினியில் நானே ரூட். அங்கே கட்டளை ஓட்டியான ஷெல் நிரலின் ஒரு பிரதியைப் பிளொப்பியில் எழுதி, உரிமையாளர் பூச்சியம் என்று குறித்து, செட்யுஐடி குறியையும் போட்டுவிடுகிறேன். பல்கலைக்கழகக் கணினியில் நான் வெறும் மாணவன். அங்கே அந்தப் பிளொப்பியை மவுண்ட் செய்ய எனக்கு அனுமதி கிடைத்தால் மறுகணமே அந்த நிரலை ஓட்டலாம். அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். கடவுச்சொல் தேவையில்லை, எதையும் உடைக்கவும் தேவையில்லை. இன்னொரு வழியும் உண்டு. யூனிக்ஸில் வன்தட்டும் நினைவகமும்கூடக் கோப்பு வடிவத்தில்தான் தெரியும். கணினியின் முதன்மை வன்தட்டைச் சுட்டும் ஒரு சாதனக் கோப்பை, யாரும் எழுதலாம் என்ற உரிமையோடு எனது பிளொப்பியில் செய்துகொண்டு வந்தால் மற்றவர்களின் கோப்புகள் எல்லாம் திறந்த வீடு. மூன்றாவது ஆபத்துக்குக் கெட்ட எண்ணமே வேண்டியதில்லை. 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் கையேடு மவுண்ட் கட்டளையின் குறைகளில் ஒன்றாக, குப்பை நிறைந்த வட்டை மவுண்ட் செய்தால் முறைமையே விழுந்துவிடும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

எனவே எண்பதுகளில் பல்கலைக்கழகங்களுக்குப் பரவிய பி.எஸ்.டி. யூனிக்ஸ்களில் மவுண்ட் ரூட்டின் தனியுரிமையாக இருந்தது. இதைப் பொறுப்பாளர்களின் கெடுபிடி என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்று கையிலிருந்த கருவிகளைக் கொண்டு பார்த்தால் அதுவே நேர்மையான விடை. வட்டு அடுக்கைத் தூக்கி வைக்க ஓர் இயக்குநர் அறைக்குள் இருந்தார். மவுண்ட் கட்டளையையும் அவரே அடித்தார். யாரும் நட்டப்படவில்லை.

நட்டம் தொடங்கியது கணினி மேசைக்கு வந்தபோது. சன் நிறுவனம் 1989இல் ஸ்பார்க்ஸ்டேஷன் 1ஐ வெளியிட்டது. ஒருவர் ஒரு மேசையில் தனியே உட்கார்ந்து வேலை செய்யும் யூனிக்ஸ் பெட்டி. அதன் பிளொப்பி இயக்கியில் வட்டை வெளியே தள்ள விசை கிடையாது. மென்பொருள் கட்டளை கொடுத்தால்தான் வட்டு வெளியே வரும். அவசரத்துக்கு ஒரு சிறு துளை. அதற்குள் காகிதக் கவ்வியை நீட்டிக் குத்த வேண்டும். மவுண்ட் ஆகி இருக்கும் வட்டை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்பதில் அத்தனை அக்கறை. வட்டோ பயனருடையது, மேசையோ பயனருடையது. மவுண்ட் செய்ய மட்டும் அவர் மாடியிலுள்ள பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

இதற்கு முதலில் வந்த விடை மவுண்ட்டையே சுற்றிக்கொண்டு போனது. எமெட் கிரே என்பவர் எண்பதுகளின் பிற்பகுதியில் எம்டூல்ஸ் என்ற சிறு நிரல்களின் தொகுதியை எழுதினார். கேர்னலிடம் எதையும் கேட்காமல், பிளொப்பியின் பைட்டுகளைச் சாதாரண நிரல் ஒன்றே நேராகப் படிக்கும். டொஸ் வட்டின் அமைப்பை அதுவே புரிந்துகொண்டு கோப்பைப் பிரதி எடுத்துத் தரும். மரத்தில் எதுவும் ஒட்டப்படுவதில்லை. செட்யுஐடி இல்லை, சாதனக் கோப்பு இல்லை. அந்தத் தொகுதி இன்றும் லினக்ஸ் வழங்கல்களில் கிடைக்கிறது. இந்தக் கதையின் கடைசியில் எம்டூல்ஸின் எண்ணம் பெரிய உருவத்தில் திரும்பி வருவதைப் பார்ப்போம்.

இரண்டாவது விடை மவுண்ட்டுக்குள்ளேயே கிடைத்தது. வட்டை ஏற்றிக்கொள், ஆனால் அது தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாதே. இதுதான் அதன் சாரம். நோசுயிட் என்று சொன்னால் அந்த வட்டிலுள்ள செட்யுஐடி குறிகளைக் கேர்னல் பொருட்படுத்தாது. நோடெவ் என்றால் அதிலுள்ள சாதனக் கோப்புகள் வெறும் பெயர்கள். நோஎக்செக் என்றால் அங்கிருந்து எந்த நிரலும் ஓடாது. வட்டைக் கொண்டுவந்தவரின் உரிமையையும் வட்டு கோரும் உரிமையையும் இரண்டாகப் பிரித்ததே இந்த வரலாற்றின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். பிற்பாடு வந்த எல்லாம் இந்தப் பிரிவினையின் மேல் கட்டியவை.

லினக்ஸ் இதைக் கச்சிதமாகப் பயன்படுத்தியது. எஃப்எஸ்டேப் என்ற பட்டியல் கோப்பில் பொறுப்பாளர் பிளொப்பிக்கு ஒரு வரி எழுதி, அதில் யூசர் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். எந்தப் பயனரும் அந்தப் பிளொப்பியை மவுண்ட் செய்யலாம்; அந்தச் சொல் வந்ததும் மேலே சொன்ன மூன்று தடைகளும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். மவுண்ட் கட்டளையே ரூட்டுக்குச் சொந்தமான, செட்யுஐடி குறி போட்ட நிரல். பட்டியலில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பயனருக்காக வேலை செய்யும். அந்தக் குறியால் வந்த ஆபத்தை அந்தக் குறியைக் கொண்டே கட்டினார்கள். யூசர் என்று எழுதினால் ஏற்றியவர் மட்டுமே இறக்கலாம். யூசர்ஸ் என்று பன்மையில் எழுதினால் யாரும் இறக்கலாம். ஒரு பரிசோதனைக் கூடத்தில் முதல் மாணவர் வட்டை ஏற்றிவிட்டு மறந்து எழும்பிப் போனால், அடுத்தவர் அந்த ஓர் எழுத்தின் அருமையை உணர்வார்.

அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு இன்னொரு வேதனையும் தெரிந்திருக்கும். வட்டை இறக்கச் சொன்னால், சாதனம் வேலையாக இருக்கிறது என்று பதில் வரும். வேறெங்கோ ஒரு சாளரம் அந்த வட்டின் கோப்புறைக்குள் சும்மா நின்றுகொண்டிருக்கும். அதைத் தேடிப் பிடித்து வெளியே வரும்வரை வட்டு இறங்காது. பொறுமையிழந்து பிடுங்கினால், எழுதியதாக நாம் நம்பிய கோப்பு வட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்காது. கேர்னல் வேகத்துக்காக எழுத்தை நினைவகத்தில் தேக்கி வைத்திருந்து, இறக்கும்போதுதான் முழுவதும் கொட்டும்.

டொஸ் வட்டுகளின் ஃபாட் அமைப்பு இங்கே எதிர்பாராத உதவி செய்தது. அதில் உரிமையாளர் என்ற விவரமே கிடையாது, செட்யுஐடி கிடையாது, சாதனக் கோப்பும் கிடையாது. பாதுகாப்பைப் பற்றி யோசிக்காமலே செய்த அமைப்பு என்பதால், வெளியிலிருந்து எந்த உரிமையையும் அதனால் சுமந்துவர முடியவில்லை. மவுண்ட் செய்தவர் எவரோ அவரே எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர் என்று கேர்னலே எழுதிக்கொள்ளும். பென்ட்ரைவுகள் இன்றுவரை பெரும்பாலும் அந்தக் குடும்பத்து அமைப்போடு விற்பனைக்கு வருவது நமக்கு நல்லதாகவே முடிந்தது.

சன் நிறுவனம் இதற்கிடையில் வேறொரு வழியில் போனது. 1993இல் வந்த சொலாரிஸ் 2.2இல் வோல்ட் என்ற பணியாள் நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. குறுந்தட்டைப் போட்டால் அதுவே கண்டுபிடித்து, சிடிரொம் என்ற கோப்புறைக்குக் கீழே ஏற்றிவிடும். பயனர் கட்டளை எதையும் அடிக்க வேண்டியதில்லை. அதிகாரம் பணியாளிடம் இருந்தது, பயனர் அதனிடம் கேட்டால் போதும். லினக்ஸ் இந்த எண்ணத்துக்கு வந்துசேரப் பத்தாண்டுகள் எடுத்தது.

அதற்குத் தள்ளியது பென்ட்ரைவ். சிங்கப்பூரின் ட்ரெக் நிறுவனம் 2000இல் தம்ட்ரைவ் என்ற பெயரில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதே ஆண்டு ஐபிஎம் 8 மெகாபைட் கொள்ளும் ஒன்றை விற்றது. பிளொப்பிக்கு நிலையான முகவரி உண்டு. எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி எழுதினால் காலத்துக்கும் போதும். பென்னுக்கு அது இல்லை. இன்று குத்தினால் ஒரு பெயர்; இன்னொரு பென் ஏற்கனவே குத்தியிருந்தால் வேறு பெயர். எந்தப் பெயருக்கு அனுமதி எழுதுவது? பலர் நாலைந்து பெயர்களுக்கு முன்கூட்டியே வரிகளை எழுதி வைத்தார்கள். அது ஓட்டைப் படகு. கொஞ்சத் தூரம்தான் போகும்.

2003இல் ஹவொக் பென்னிங்டன் ஒரு கட்டுரை எழுதினார். வன்பொருளைக் குத்தினால் அது பேசாமல் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. டேவிட் ஸொய்தன் ஹால் என்ற இடைநிலை மென்பொருளை எழுதினார். கேர்னல் பக்கத்தில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் யூடெவ்வைக் கொண்டுவந்தார். ரொபர்ட் லவ் 2004இல் இவற்றை எல்லாம் ஒரு சங்கிலியாகக் கோக்கும் முயற்சிக்கு உட்டோப்பியா என்று பெயர் வைத்தார். சாதனம் வந்ததைக் கேர்னல் சொல்லும், யூடெவ் பெயரிடும், ஹால் அது என்ன வகை என்று அறிந்து, நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் டி-பஸ் வழியே அறிவிக்கும், பயனரின் மேசைத்தளம் அதைக் கேட்டு ஒரு சாளரத்தைத் திறக்கும்.

ஆனால் சங்கிலியின் நடுவில் அந்தப் பழைய கேள்வி அப்படியே நின்றது: மவுண்ட் செய்யும் அதிகாரம் யாருடையது? ஒரே ஆண்டில் இரண்டு விடைகள் வந்தன. 2004 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா கோர் 3இல், ஒவ்வொரு பென்னும் வரும்போது எஃப்எஸ்டேப்பில் ஒரு வரியை எழுதி, அது போனதும் அழிக்கும் நிரல் ஒன்று இருந்தது. பொறுப்பாளர் தம் கையால் எழுதும் பட்டியலில் ஒரு நிரல் நுழைந்து எழுதி அழிப்பது பலருக்குப் பிடிக்கவில்லை. சில வெளியீடுகளுக்குள் அதைக் கைவிட்டார்கள். டெபியன், உபுண்டு பக்கத்தில் மார்ட்டின் பிட் பிமவுண்ட் என்ற நிரலை எழுதினார். அது கேட்கும் கேள்விகள் தெளிவானவை: இது கழற்றக்கூடிய சாதனமா? எஃப்எஸ்டேப்பில் பொறுப்பாளர் இதற்கென்று எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறாரா? கேட்பவர் பிளக்டெவ் குழுவில் இருக்கிறாரா? மூன்றுக்கும் ஆம் என்றால் மீடியா கோப்புறைக்குக் கீழே, எல்லாத் தடைகளோடும் ஏற்றிவிடும்.

இதில் ஒரு குறை ஒளிந்திருந்தது. குழு என்பது பெயர்ப் பட்டியல். ஒருமுறை சேர்த்தால் எங்கிருந்தாலும் உறுப்பினர். ஒரு மாணவர் கூடத்துக் கணினியில் தன் பென்னைக் குத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே கணினிக்குள் வலையமைப்பு வழியாக, எங்கோ தூரத்திலிருந்து நுழைந்திருக்கும் இன்னொருவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். பென்னை முதலில் மவுண்ட் செய்யப்போவது யார்? சட்டப்படி இருவருக்கும் சம உரிமை. பொருள் யாருடைய கையிலிருந்து வந்ததோ அவருக்கு எந்த முன்னுரிமையும் இல்லை.

2007இல் வந்த கொன்சோல்கிட்டும் பொலிசிகிட்டும் இதைத்தான் திருத்தின. கேட்பவர் யார் என்பதோடு, அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றும் கேட்டன. விசைப்பலகையும் திரையும் சேர்ந்த ஓர் இருக்கை. அந்த இருக்கையில் இப்போது யாருடைய அமர்வு முன்னால் நிற்கிறதோ அவருக்கே பென்மேல் உரிமை. பிறகு ஹால் ஓய்வுபெற்று யூடிஸ்க்ஸ் வந்தது. இருக்கைக் கணக்கு, சிஸ்டம்டி என்ற முறைமை மேலாளரின் லொகின்டி என்ற பணியாள் நிரலிடம் போனது. 2012இலிருந்து யூடிஸ்க்ஸ் 2, ஒவ்வொருவரின் பென்னையும் அவர் பெயரிலுள்ள தனிக் கோப்புறைக்குள் ஏற்றி, மற்றப் பயனர்கள் எட்டிப் பார்க்காதபடி கதவையும் சாத்தியது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். இங்கே மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்காக ஓர் அறையில் பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறோம். முன்மேசையில் உள்ளது கொஞ்சம் வேகமானது. பின்மேசைக் கணினி இழுத்து இழுத்து ஓடும் என்பதால், சாதாரணதர தகவல் தொழினுட்பச் செயற்றிட்டம் செய்யும் ஒரு பிள்ளை பின்மேசையிலிருந்தே வலையமைப்பு வழியாக முன்மேசைக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்யப் பழகியிருந்தாள். ஒருநாள் தன் பென்னை முன்மேசைப் பெட்டியில் குத்திவிட்டு, பின்னால் வந்து உட்கார்ந்து அதைத் திறக்கப் பார்த்தாள். திரை நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது.

“சேர், என்ட பென் ஏறுதில்ல.”

முன்மேசையில் போய் இருந்து, அதே பெயரில் நுழைந்து பார்க்கச் சொன்னேன். பென் பேசாமல் திறந்தது.

“அங்க இருந்தா ஏறுது, இங்க இருந்தா ஏறுதில்ல. ஏன் சேர்?”

அதே பிள்ளை, அதே பயனர் பெயர், அதே பென். மாறியது இருக்கை மட்டும். அவளுக்கு நான் சொன்ன விளக்கம்தான் மேலே உள்ள பந்திகள். அன்று அவள் கேட்ட கேள்வியை உலகின் நல்ல பொறியியலாளர்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. அது உண்மை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை சற்று வேறு விதமாக நடந்தது. அரசு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் தலைமையில் இருந்த காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. சென்னை சிடாக், டெபியனை அடிப்படையாக வைத்து போஸ் லினக்ஸை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழில் தட்டச்சு செய்யவும் படிக்கவும் அதில் வசதி இருந்தது. 2011 செப்டெம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு போஸும் இருந்தது. இவை பரவிய நேரத்தில் மேலே சொன்ன சங்கிலி ஏற்கனவே முதிர்ந்துவிட்டது. ஆகவே அந்த மாணவர்கள் மவுண்ட் என்ற சொல்லையே கேள்விப்படாமல் பென்னைக் குத்தி வேலை செய்தார்கள். 1999இல் ஒரு சராசரி லினக்ஸை அதே பிள்ளைகளின் கையில் கொடுத்திருந்தால் முதல் நாளே மூடி வைத்திருப்பார்கள்.

பி.எஸ்.டி. குடும்பம் வேறு மனநிலையில் இருந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு கேர்னல் அமைப்பை மாற்றினால் சாதாரணப் பயனரும் மவுண்ட் செய்யலாம். ஆனால் சாதனத்தைத் தொடும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும், ஏற்றும் கோப்புறையும் அவருடையதாக இருக்க வேண்டும். ஓப்பன்பிஎஸ்டியிலும் அதே போன்ற ஒன்று இருந்தது. 2016இல் வந்த 6.0ஆம் வெளியீட்டில் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். பாதுகாப்பை முதலில் வைப்பவர்கள் அவர்கள். இங்கே அவர்கள் செய்த கணக்கை என்னால் குறைசொல்ல முடியவில்லை. வட்டின் அமைப்பைப் படிக்கும் நிரல்வரிகள் கேர்னலுக்குள் ஓடுகின்றன. பெரும்பாலான கோப்பு முறைமைகள், தம்மால் எழுதப்பட்ட வட்டையே தாம் படிக்கப்போகிறோம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. ஒருவர் வேண்டுமென்றே பைட் பைட்டாகத் திரித்த வட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் முழுக் காப்பு இல்லை. 1979இன் கையேடு ஒப்புக்கொண்ட குறை முற்றாகப் போய்விடவில்லை.

இந்தக் குறைக்குத்தான் எம்டூல்ஸின் எண்ணம் திரும்பி வந்தது. 2005இல் லினக்ஸ் 2.6.14இல் ஃபியூஸ் சேர்ந்தது. கோப்பு முறைமையைப் படிக்கும் வேலையைக் கேர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல் ஒன்றிடம் கொடுத்துவிடலாம். வட்டு திரிந்திருந்தால் விழுவது அந்த நிரல்தான், கணினி விழாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டுகளை லினக்ஸில் நம்பிக்கையாகப் படிக்கவும் எழுதவும் வைத்த என்டிஎஃப்எஸ்-3ஜி இந்த வழியில்தான் வந்தது. வேகம் கொஞ்சம் குறையும். ஊர் பேர் தெரியாத பென்னைத் திறக்கும் இடத்தில் அந்த வேகத்தை நான் மனமொத்துக் கொடுப்பேன்.

கடைசியாக 2025 ஜூன். குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு குறைகளை வெளியிட்டார்கள். ஒன்று, யூடிஸ்க்ஸ் சார்ந்திருக்கும் லிப்பிளொக்டெவ் என்ற நூலகத்தில். எக்ஸ்எஃப்எஸ் வகை வட்டு ஒன்றின் அளவை மாற்றும்படி பயனர் கேட்டால், அந்த நூலகம் வட்டைச் சிறிது நேரம் ஒரு தற்காலிகக் கோப்புறையில் ஏற்ற வேண்டும். வழக்கமான மவுண்ட்டில் போடும் நோசுயிட், நோடெவ் தடைகளை இந்த இடைநேர மவுண்ட்டில் போட மறந்திருந்தார்கள். பிறகென்ன, பூச்சியம் எண்ணுக்குச் சொந்தமான, செட்யுஐடி குறி போட்ட ஷெல் ஒன்று அந்த வட்டுக்குள் இருந்தால் போதும். எண்பதுகளின் பிளொப்பித் தந்திரம், வரிக்கு வரி. ஆனால் இதைச் செய்ய இருக்கையில் இருப்பவராக இருக்க வேண்டுமே? இரண்டாவது குறை அதைப் பார்த்துக்கொண்டது. ஓப்பன்சூசே லீப் 15இலும் சூசே எண்டர்பிரைஸ் 15இலும், தூரத்திலிருந்து நுழைந்த ஒருவர் தான் முன்னிருக்கையில் இருப்பதாக முறைமையை நம்பவைக்க முடிந்தது. பின்மேசையிலிருந்தபடியே முன்மேசையில் இருப்பதாகச் சொல்லி, அதை ஏற்கவும் வைத்துவிடலாம்.

லிப்பிளொக்டெவ் திருத்தத்தில் மவுண்ட் அழைப்போடு நோசுயிட், நோடெவ் இரண்டையும் சேர்த்தார்கள். வழங்கல்கள் அவசர அவசரமாக அதை அனுப்பின. எங்கள் அறையிலுள்ள கணினிகளிலும் அந்த இற்றைப்படுத்தலைப் போட்டுவிட்டோம். லினக்ஸ் வைத்திருக்கும் வாசகர்கள் 2025 ஜூனுக்குப் பிறகு ஒருமுறையாவது இற்றைப்படுத்தியிருக்கிறார்களா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். பலர் பங்கிடும் கணினி என்றால் கட்டாயம் பாருங்கள்.

பெல் ஆய்வுகூடத்தில் அதே மனிதர்கள், யூனிக்ஸை எழுதி முடித்த பின், இந்தக் கேள்வியை வேறொரு வழியில் தீர்த்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மரம் என்பதைக் கைவிட்டு, ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி மரம் கொடுத்தார்கள். தன் மரத்தில் யார் எதை ஏற்றினாலும் அடுத்தவருக்குத் தெரியாது, தீங்கும் இல்லை. அதன் பெயர் பிளான் 9. அடுத்த பகுதி அதைப் பற்றியது.

(தொடரும்)